கட்டணம் பாதி, கூலி பாதி: பயிற்சிக்குப் பெண்களை அனுப்பிய கதை

ஐந்து நாள் தலைமைப் பயிற்சிக்கு ஒரு பெண்ணை அனுப்ப 2024-ல் எங்களுக்கு ஆன செலவு 9,000 ரூபாய். அதில் பயிற்சி மையத்துக்குக் கட்டியது 4,500. மீதி 4,500 எதற்கு என்று பணம் தருகிறவர்களுக்குப் புரிய வைத்ததுதான் இதில் பெரிய வேலை. வேறு ஊர்களிலிருந்து சிலர் இதைப் பற்றி விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, கண் முகாம், இப்படி ஓடிக்கொண்டிருந்தது. நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. திருவாரூரும் அதில் சேர்த்தி. பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடியும். அதற்குப் பிறகு தேர்தல் வந்தால் யார் நிற்பார்கள் என்று 2024 தொடக்கத்திலேயே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. 2016-ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. இடம் இருக்கிறது, நிற்கிறவர் யார்? ஏற்கெனவே தலைவராக இருந்தவரின் மனைவி, இல்லாவிட்டால் மருமகள். கையெழுத்து அந்த அம்மாவுடையது, நாற்காலி வீட்டுக்காரருடையது. இது எங்கள் பக்கம் மட்டும் நடக்கிற கூத்து இல்லை.

ஜெயித்து வந்தவர்களுக்கு அரசே பயிற்சி தருகிறது. மறைமலைநகரில் அதற்கென்றே மாநில அளவில் ஒரு நிறுவனம் இருக்கிறது. ஆனால் அது ஜெயித்த பிறகு. நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மகளிர் குழுத் தலைவிக்கு, நூறு நாள் வேலையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நியாயம் கேட்கிற பெண்ணுக்கு, எங்களுக்குத் தெரிந்து எந்தத் திட்டத்திலும் ஒரு ரூபாய் கிடையாது. அந்த இடைவெளிக்குத்தான் உதவித்தொகை என்று முடிவு செய்தோம். திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பயிற்சி மையம் தங்குமிடம், சாப்பாட்டோடு ஐந்து நாள் நடத்துகிறது. ஊராட்சிச் சட்டம், வரவு செலவு, கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவது, கூட்டத்தில் எழுந்து பேசுவது, மனு எழுதுவது எல்லாம் உண்டு.

முதலில் கட்டணத்தை மட்டும் நாங்கள் கட்டுவதாகத்தான் பேச்சு. மகளிர் குழுக் கூட்டமொன்றில் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் பெயர் கொடுக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அஞ்சு நாள் நான் போயிட்டா வீட்ல ஒல வைக்கறது யாருக்கா? சோத்த விடுங்க, குழுக் கடன் தவணை இருக்கே” என்றாள். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பயண நாளையும் சேர்த்து ஆறு நாள் கூலி போகும். நூறு நாள் வேலைக்கு அந்த ஆண்டு அறிவித்த கூலி 319 ரூபாய். வயல் வேலைக்குச் சில நாள் கூடவே கிடைக்கும் என்பதால் நாளுக்கு 400 என்று வைத்தோம். ஆக 2,400. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கோ நாத்தனாருக்கோ 1,000. போக்குவரத்து 800. பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். அது டவுன் பஸ்ஸுக்கு. தஞ்சாவூர், திருச்சி வழியாகத் திண்டுக்கல் போகிற பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். கைச்செலவுக்கு 300. கூட்டினால் கட்டணத்துக்குச் சமமாக இன்னொரு 4,500.

இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் அடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடைத்தெருவில் கிடைத்த முதல் பதில் இது: “கூலி குடுத்து ஆள் கூட்டிட்டுப் போறதுக்குப் பேரு பயிற்சியாம்மா? கட்சிக் கூட்டத்துக்குத்தான் அப்படிப் போவாங்க. பிரியாணி உண்டா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் திருப்பிக் கேட்டேன்: “உங்க பையனை மேனேஜ்மென்ட் கோர்ஸுக்கு ஆபீஸ்ல அனுப்பினாங்களே, அந்த மாசச் சம்பளத்தைப் பிடிச்சாங்களா?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஒருத்திக்கு முழுசாகத் தருவதாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியையே எல்லாக் கடையிலும் கேட்டேன். நோட்டுப் புத்தகம், அன்னதானம் என்றால் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிற ஊர் இது. பயிற்சிக்குக் கொடுத்தால் கண்ணில் காட்ட ஒன்றும் இருக்காது, அதுதான் தயக்கம்.

கம்பெனிப் பணத்துக்கும் முயன்றோம். நிறுவனங்கள் சட்டம் 135-வது பிரிவின் கீழ் வரும் கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அதை வாங்கிச் செலவிடும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். வருமான வரிச் சட்டத்தில் 12ஏ (அறக்கட்டளைக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு) பதிவும் மூன்று ஆண்டு வேலை செய்த கணக்கும் கேட்டார்கள். எங்களிடம் எல்லாம் இருந்தது. ஒரு கம்பெனியில் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தேர்தல்ல நிக்கப் போறவங்கன்னு சொல்றீங்க, அரசியல் ஆயிடுமே” என்றார். அரசியல் கட்சிக்குக் கொடுப்பது அந்தக் கணக்கில் வராது என்பது உண்மை. ஆனால் இங்கே கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. கட்சி அடிப்படையில் நடப்பது ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான். விளக்கினேன். பார்க்கிறோம் என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதையே நம்பி உட்கார்ந்திருந்தால் ஒருத்தியும் போயிருக்க முடியாது.

பெரும்பகுதிப் பணம் வந்தது பழைய மாணவர்களிடமிருந்து. எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்துச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு. இங்கே வெளிநாட்டுப் பணத்தில் கவனம் வேண்டும். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு எங்களுக்கு இல்லை. சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்தாலும் கையில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தவர் கையில் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். லண்டன் நண்பருக்குக் கோபம். “பொறந்த ஊருக்குக் குடுக்க எனக்கு உரிமை இல்லையா?” என்றார். அம்மா பேரில் போடட்டுமா என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றேன். சின்ன அமைப்புகள் மாட்டிக்கொள்வது இந்த மாதிரிப் பாசத்தில்தான்.

வரிச்சலுகையை நம்பி யாரிடமும் பேச வேண்டாம் என்பது என் அனுபவம். அப்போது 80ஜி-யில் பாதித் தொகைக்குக் கழிவு இருந்தது, ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது. புது வரி முறையில் இருந்தவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை. சென்னைப் பிள்ளைகள் முக்கால்வாசி அதில்தான் இருந்தார்கள். இருந்தும் கொடுத்தார்கள்.

பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன. ஒருவர் தன் தெருப் பெண்ணுக்குத்தான் போக வேண்டும் என்றார். தெரு என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அரிசி ஆலைக்காரர் ஒருவர் இரண்டு பேருக்குத் தருவதாகச் சொன்னார், பெண்கள் படத்தோடு தன் படத்தையும் போட்டுப் பேருந்து நிலையத்தில் பேனர் வைக்க வேண்டும் என்றார். மாலை வகுப்புக்கு என்றால் சரியென்றிருப்பேன். நாளைக்குத் தேர்தலில் நிற்கப் போகிற பெண்ணை இன்னாருடைய ஆள் என்று ஊர் இன்றைக்கே முடிவுகட்டிவிட்டால் அவள் என்ன கற்றுக்கொண்டு வந்து என்ன பயன்? எல்லாப் பணமும் ஒரே கணக்கில் சேரும், யார் காசில் யார் போனார்கள் என்று இரண்டு பக்கமும் தெரியாது என்று எழுதி வைத்தோம். அரிசி ஆலைக்காரர் பணத்தை நிறுத்திக்கொண்டார்.

தேர்வுக்கு மூன்று பேர் குழு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், மகளிர் குழுக் கூட்டமைப்பில் வேலை பார்த்த ஒருவர், ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர். விண்ணப்பம் ஒரே பக்கம், எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம். நேர்காணலை வீட்டுக்கே போய் வைத்ததால்தான் சில விஷயங்கள் தெரிந்தன. ஒரு வீட்டில் கணவரே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஊரில் முக்கியமான பிரச்சினை என்ன என்று கேட்டதும் ரேஷன் கடையில் ஆரம்பித்தார். அந்தப் பெண் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “தண்ணித் தொட்டிய கழுவறதே இல்லீங்க. ஏணில ஏறி, கழுவுன தேதியை மட்டும் அழிச்சு எழுதிட்டு எறங்கிடுறாங்க. போன வாட்டி பெயிண்ட் டப்பாவ எங்க வீட்லதான் வச்சிட்டுப் போனாங்க.” தலைமையாசிரியை பேனாவை மூடிவிட்டார். வேறு கேள்வி கேட்கவில்லை.

அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். பயிற்சி நடந்த ஜூலை முதல் பாதியில் ஆற்றுப் பாசன வயலில் வேலை மந்தம். அதனால் பெண்கள் வர முடிந்தது. அதே காரணத்தால் கையில் காசும் இல்லாமல் இருந்தது. கூலித் தொகையைப் போவதற்கு முன்பே அவரவர் வங்கிக் கணக்கில் போட்டோம். ஆடிட்டருக்கு இது உறுத்தியது. உதவித்தொகை என்ற தலைப்பில், தேர்வுக் குழுத் தீர்மானம், விண்ணப்பம், ஒப்புகைக் கையெழுத்து மூன்றும் இருந்தால் போதும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். முன்பணமாகக் கொடுத்தால் ஏமாற்றிவிடுவார்கள் என்று எச்சரித்தவர்கள் உண்டு. வாங்கிக்கொண்டு வராமல் இருந்தவர் யாருமில்லை. ஒருத்தி மட்டும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் திரும்பினாள். அவளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அடுத்த பயிற்சிக்கு இடம் வைத்திருக்கிறோம்.

பணம் கொடுத்தவர்கள் இப்போது கேட்கும் கேள்வி, யாராவது ஜெயித்தார்களா என்பது. பதவிக்காலம் முடிந்ததும் தேர்தல் வரவில்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அதனால் ஜெயித்தவர் என்று காட்ட ஆள் இல்லை. அக்டோபர் 2 கிராம சபையில் நடந்ததைத்தான் சொல்லி வருகிறேன். பயிற்சிக்குப் போய் வந்த இரண்டு பேர் வரவு செலவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நேரமாகிறது என்று சொல்லியும் விடவில்லை. தெருவிளக்குச் செலவு வந்த இடத்தில் நிறுத்தி, எந்தத் தெருவில் எத்தனை விளக்கு என்று கேட்டிருக்கிறார்கள். பதில் அடுத்த கூட்டத்துக்கு என்று எழுதப்பட்டது. எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்களாம்.

2024-25 கணக்குக்கு நன்கொடையாளர் விவரங்களை 2025 மே 31-க்குள் 10பிடி படிவத்தில் வருமான வரித் துறைக்கு ஏற்ற வேண்டியிருந்தது, அப்போதுதான் அவர்களுக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்று தர முடியும். பான் எண்ணை முதலிலேயே வாங்கிவிடுங்கள், பிறகு துரத்த வேண்டியிருக்கும். அடுத்த குழுவுக்குப் பிள்ளை பார்க்கும் தொகையை 1,500 ஆக்கியிருக்கிறோம். அரிசி ஆலைக்காரரே இந்த முறை கூப்பிட்டு ஒருத்திக்கான பணத்தை அனுப்பினார். பேனர் பேச்சை எடுக்கவில்லை. ரசீது கேட்கிறார், பான் எண்ணைத்தான் இன்னும் தரவில்லை.