"பின்னால் பார்!": இங்கிலாந்து கிராமத்துப் பான்டோவுக்குப் போகிறவர்களுக்கு

குளிர்காலத்தில் இங்கிலாந்து போகிற நம்மவர்கள் பெரும்பாலும் நகரத்துத் தியேட்டரில், டி.வி. நட்சத்திரம் நடிக்கும் பான்டோமைமுக்கு, சுருக்கமாக 'பான்டோ' என்கிற அந்தக் குளிர்கால நாடகத்துக்கு, டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் ருசி தெரிய வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கிராமத்து வில்லேஜ் ஹாலில் உள்ளூர் அமெச்சூர் குழு போடும் பான்டோவைப் பார்க்க வேண்டும். பெயரில் 'மைம்' இருக்கிறதே என்று ஊமை நாடகம் எதிர்பார்க்காதீர்கள். பாட்டு, கடி ஜோக், அடிதடி, நுரை அபிஷேகம் எல்லாம் சேர்ந்த இரண்டரை மணி நேரக் கூத்து அது.

கிறிஸ்துமஸ் பான்டோ என்றுதான் பெயர். ஆனால் அமெச்சூர் குழுக்களில் பல ஜனவரியிலோ, பிப்ரவரி பள்ளி விடுமுறையை ஒட்டியோதான் மேடையேறும். டிசம்பரில் ஹாலை பள்ளி விழாவும் விருந்துகளும் பிடித்துக்கொள்ளும். நடிகர்களுக்கும் வீடு நிறைய விருந்தாளிகள். எங்கே நடக்கிறது என்று அறிய, அந்த வட்டாரத்துக் கடை வாசல்களையும் தபாலாபீஸ் கண்ணாடியையும் பாருங்கள். 1899-இல் தொடங்கிய நோடா என்ற அமெச்சூர் நாடகச் சங்கத்தில் உறுப்பினராக உள்ள குழுக்களையும் தேடலாம். சனிக்கிழமை மதியக் காட்சிக்கே எடுங்கள். இரவுக் காட்சி முடிந்து வெளியே வரும்போது கிராமத்துக் கடைசி பஸ் போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

சிண்ட்ரெல்லா, அலாவுதீன், ஜாக்கும் அவரைக் கொடியும், டிக் விட்டிங்டன் என்று நாலைந்து கதைகள்தான் சுற்றிச் சுற்றி வரும். நம் நாடகப் பாஷையில் சொன்னால், ராஜபார்ட்டைப் பெண் போடுவார், காமெடி அம்மா வேஷத்தை ஆண் போடுவார். இந்த அம்மாவுக்கு 'டேம்' என்று பெயர். நம் ஸ்திரீபார்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்திரீபார்ட் நடிகர் பெண் என்றே நம்பவைப்பார். டேமோ, உள்ளே இருப்பது ஊர்த் தச்சர்தான் என்று கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி நடிக்க வேண்டும். நளினமாக நடந்தால் சிரிப்பு போச்சு. அலாவுதீனின் அம்மா பெயர் விடோ ட்வாங்கி. 1861-இல் வைத்த அந்தப் பெயர், அன்றைக்கு விற்ற ஒரு சீனத் தேயிலையின் பெயர். ராஜபார்ட்டை இப்போது ஆணுக்கே கொடுக்கும் குழுக்களும் உண்டு. அதில் பாதி வேடிக்கை குறைந்துவிடுகிறது.

எங்கே உட்காருவது? நல்ல தேவதை உங்கள் இடப்பக்கமிருந்து வரும், வில்லன் வலப்பக்கமிருந்து வருவான். வில்லனிடம் திட்டு வாங்க ஆசையென்றால் வலப்பக்க ஓரம். முதல் மூன்று வரிசையில் உட்காரும் ஆண்களுக்கு ஓர் எச்சரிக்கை: டேம் அங்கிருந்து ஒருவரைப் பொறுக்கியெடுத்து, பெயர் கேட்டு, நாடகம் முடியும்வரை 'என் காதலர்' என்று கலாய்ப்பார். கூச்சமிருந்தால் ஐந்தாவது வரிசைக்குப் போய்விடுங்கள்.

கத்த வேண்டிய இடங்கள் மூன்று. வில்லன் வந்தால் 'பூ...' என்று ஊளை. மேடையில் ஒருவர் 'ஓ நோ இட் இஸின்ட்' என்றால் கூட்டம் 'ஓ யெஸ் இட் இஸ்'. பேய் பின்னால் வந்தால் 'ஹீஸ் பிஹைண்ட் யூ', அதாவது 'பின்னால் பார்!'. நடிகர் இந்தக் கத்தலுக்கு இடம்விட்டுத்தான் வசனத்தை அளந்திருப்பார். ஹால் அமைதியாக இருந்தால் அவர் தடுமாறிப் போவார்.

சீன் மாறும் விதத்தைக் கவனியுங்கள். முழு மேடைக் காட்சி ஒன்று, படுதாவுக்கு முன் இரண்டு பேர் பேசும் காட்சி ஒன்று என்று மாறி மாறி வரும். படுதாவுக்குப் பின்னால் குடிசையைப் பிரித்து அரண்மனையை நிறுத்திக்கொண்டிருப்பார்கள். முன்னால் ஜோக் நீண்டுகொண்டே போனால் பின்னால் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நுரைக் காட்சிக்கு 'ஸ்லாஷ்' என்று பெயர். ஷேவிங் சோப்புக் குச்சியைத் துருவி, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, டிரில் மெஷினில் பெயின்ட் கலக்கும் கம்பியை மாட்டி அடிப்பார்கள். வாளியைச் சாய்த்தாலும் சரியாத பதம் வர வேண்டும். டப்பா நுரை விளக்குச் சூட்டில் சீக்கிரம் அமுங்கிவிடும், நிஜ க்ரீம் பிசுக்கும் நாற்றமும் விட்டுப் போகும். கலர் அதிகமானால் உடுப்பில் கறை நிற்கும். தரையில் விரித்த தார்ப்பாயின் நாலு மூலையையும் உள்நோக்கி மடித்து அள்ளிக்கொண்டு போவார்கள். அதன் பிறகும் ஈரத் துணி, உலர் துணி என்று இருமுறை துடைக்க வேண்டும். ஒரு கை நுரை தப்பினாலும் அடுத்து ஆடவரும் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். அதனால்தான் விவரமான டைரக்டர் இதை இடைவேளைக்கு முன்னால் வைப்பார்.

ஜாக் கதையானால் மாடு வரும். உள்ளே இரண்டு பேர். பின்னங்கால்காரர் குனிந்து முன்னவரின் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வார்; அவருக்குத் தெரிவது முன்னவரின் குதிகால் மட்டும். இருவரும் ஒரே காலை எடுத்துவைத்தால்தான் குதிகாலில் இடி விழாது. அதனால் முன்னவர் 'இடது' என்று மெல்லச் சொல்லித்தான் கிளம்புவார். முன்னவர் மறந்து நிமிர்ந்தால் மாட்டின் நடுவயிறு பிளந்து இரண்டு பேரின் சட்டையும் தெரியும். படிக்கட்டு இந்த மாட்டுக்கு ஜென்ம விரோதி. உள்ளே சூடும் புழுக்கமும் தாங்காது என்பதால், ஒரு தடவைக்குச் சில நிமிடங்களுக்கு மேல் மேடையில் நிறுத்த மாட்டார்கள்.

போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். மேடையில் பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள். உரிமம் பெற்ற ஒரு காப்பாளர் அதிகபட்சம் 12 பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குச் சட்டம் கறார். இடைவேளையில் டீ, கப் ஐஸ்க்ரீம், ராஃபிள் என்கிற குலுக்கல் சீட்டு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஹால் குளிராகத்தான் இருக்கும், கோட்டைக் கழற்ற அவசரம் வேண்டாம்.

லண்டனில் அரைநாள் மிச்சமிருந்தால் பென்டன்வில் சாலையருகே உள்ள ஜோசப் கிரிமால்டி பூங்காவுக்குப் போகலாம். பான்டோவின் புகழ்பெற்ற கோமாளி கிரிமால்டி (1778–1837) புதைக்கப்பட்ட இடம். ஹைகேட் ஹில்லில் டிக் விட்டிங்டன் பெயரில் ஒரு கல், அதன்மேல் பூனைச் சிலை. லண்டன் மேயராக இருந்த விட்டிங்டன் நிஜ மனிதர், 1423-இல் இறந்தார். நாடகத்தில் அவரோடு வரும் பூனைதான் கட்டுக்கதை.

நாடகம் முடியும் முன் பாட்டு வரிகள் எழுதிய துணி இறங்கும். கோமாளி ஹாலை இரண்டாகப் பிரித்து எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று போட்டி வைப்பார். பின்னால் எல்லோரும் கல்யாண உடைக்கு மாறும் நேரம் அது. மூன்றாவது முறையும் பாடச் சொன்னால் யாருக்கோ ஜிப் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொருவராக இறங்கிவந்து வணங்க, எதுகையோடு இரண்டு கடைசி அடிகளைச் சொல்லி முடிப்பார்கள். ஒத்திகையில் அந்த அடிகளைச் சொன்னால் ராசியில்லை என்று பழைய நம்பிக்கை. அதை மதிக்கும் குழுவில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் நாள் காட்சியில் அங்கே நாக்கு குழறினால் காரணம் அதுதான்.