மாங்காய்க் கொட்டகையில் ஒரு எஸ்டீம்

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோப்பில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. சித்திரை முடிந்தால் அதில் பெங்களூரா மாங்காய் குவிய ஆரம்பிக்கும். ஆடி தாண்டினால் காலி. அந்தக் காலி மாதங்களை அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு பழைய மாருதி எஸ்டீம் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிற வண்டியாக மாற்றினேன். ஐப்பசியில் கை வைத்தேன். காய் இறங்குவதற்குள் கொட்டகை தனக்குத் திரும்ப வேண்டும் என்பது மட்டும்தான் அப்பா போட்ட நிபந்தனை.

வண்டி தர்மபுரியில் கிடைத்தது. டி.என். 29, 2004-இல் பதிவானது. பதினைந்து வருடம் முடிந்து, எஃப்.சி. புதுப்பிக்காமல், ஒரு வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் கிடந்தது. 45,000 ரூபாய்க்கு முடித்தேன். எஸ்டீமைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. 1.3 லிட்டர், 16 வால்வு, 85 குதிரைத்திறன் இன்ஜின்; வண்டியோ எடை குறைந்தது. இந்தியாவில் ராலியிலும் ரேஸிலும் நெடுநாள் ஓடிய வண்டி என்பதால், இதன் குணம் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டு வந்த திருத்தத்தின்படி, சொந்தக்காரர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அதனால் என் வண்டி கொட்டகையை விட்டு வெளியே போனதெல்லாம் ரெக்கவரி வண்டியின் முதுகில்தான். வாடகை கூடுதல்தான். ஆனாலும் அதைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன்.

முதல் வேலை உள்ளே இருப்பதைக் கழற்றுவது. பின் சீட், கார்ப்பெட், கதவு அட்டைகள், ஏ.சி., ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிட்டன. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனிக் கவரில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தது, பிறகு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. கஷ்டப்படுத்தியது தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட். சத்தம் உள்ளே வராமல் இருக்க கம்பெனியில் ஒட்டியது. இருபது வருட வெயிலில் கல்லாக இறுகியிருந்தது. ஹீட் கன்னைக் காட்டி, அது பளபளக்கத் தொடங்கும் நேரத்தில் பட்டி பிளேடால் கீழிருந்து தள்ள வேண்டும். கொஞ்சம் கூடுதலாகச் சூடேற்றினால் தார் இளகி பிளேடில் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் துண்டு துண்டாக உடையும். ஒரு கை அகலத்துக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அந்தத் தாருக்கு அடியில்தான் டிரைவர் பக்கத் தரையில் ஐந்து ரூபாய் அகலத்துக்கு ஒரு துரு ஓட்டை தெரிந்தது. கழற்றாமல் விட்டிருந்தால் அதன் மேலேயே கேஜை, அதாவது வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டை, நிறுத்தியிருப்பேன்.

மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகளை நிறுக்கும் எடை மேடை ஒன்று எங்கள் பக்கம் உண்டு. கழற்றுவதற்கு முன் 880 கிலோ, பின் 780. கையில் அந்தச் சீட்டு இருப்பது மனதுக்குத் தெம்பாக இருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் வரிசை தப்பியது. சைலன்சர் பைப்பைப் பெரிதாக்கி, ஏர் ஃபில்டரை மாற்றி, 22,000 ரூபாயை இன்ஜின் பக்கம் கொட்டினேன். பிரேக்குக்குப் புது பேடு (டிஸ்க்கை உரசி நிறுத்தும் பட்டை) போட்டதோடு சரி. அப்பா அந்தக் காலத்தில் பத்து வருடம் லாரி ஓட்டியவர். பைப்பைப் பார்த்துவிட்டு, "பிரேக்குக்கு என்னடா பண்ணே?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பேடு புதுசு என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மார்கழியில் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போனோம். மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கோவையிலேயே உருவாக்கி, 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தன் பெயரில் இருக்கும் டிராக். ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். நாங்கள் போனது போட்டிக்கு அல்ல, பயிற்சி ஓட்டத்துக்கு. ஹெல்மெட், முழுக்கை உடை, ஷூ, இழுக்கிற கொக்கி, அசையாத பேட்டரி, எங்கும் எண்ணெய்க் கசிவு இல்லாமை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

முதல் மூன்று சுற்று சொர்க்கம். ஐந்தாவது சுற்றில் பெடல் கொஞ்சம் கீழே போய்ப் பிடித்தது. ஆறாவதில், நேர்பாதையின் கடைசியில் மிதித்தேன்; கால் பஞ்சுக்குள் புகுந்த மாதிரி தரை வரைக்கும் போனது. மறுபடி மறுபடி வேகமாக அடித்து மிதித்து, கியரை இறக்கி, வளைவை விட்டுவிட்டு மண்ணில் இறங்கித்தான் வண்டி நின்றது. ஆளுக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை நடுக்கம் நிற்கத்தான் கால் மணி நேரம் ஆயிற்று.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்துப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அதுவே 140 வரை இறங்கிவிடும். என் வண்டியில் எத்தனை வருட ஆயில் இருந்ததோ. பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரில் அது கொதித்து ஆவியானால் குழாயில் குமிழி உண்டாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை அமுக்குவதற்கே போய்விடும். சூடு எவ்வளவு என்று பிறகு கணக்குப் போட்டேன். என்னையும் சேர்த்து 870 கிலோ என்று வைத்தால், 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துகிற சூட்டில் ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அந்த இறக்கத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. பிரேக் பிடிக்காத லாரி என்ற சொல்லோடுதான் வளர்ந்தோம். "ஏர்ற கியர்லதான் எறங்கணும். பிரேக்க மிதிச்சிக்கினே வந்தா ட்ரம்மு பழுத்துடும், அப்புறம் நீ எவ்ளோ மிதிச்சாலும் அது உன் பேச்சக் கேக்காது." லாரியில் ட்ரம் பழுப்பதும் என் ஆயில் கொதித்ததும் வேறு வேறு கோளாறு. சூடு என்கிற தாய் ஒன்றுதான்.

அதற்கப்புறம் ஒரு மாதம் பிரேக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. கேலிப்பர்களைப் பிரித்து சீல் மாற்றினேன். பழைய ரப்பர் குழாய்கள் அழுத்தத்தில் உப்பும் என்பதால் எஃகுப் பின்னல் சுற்றிய குழாய்கள் போட்டேன். அதிகச் சூடு தாங்கும் பேடு, டாட் 5.1 ஆயில். இதன் கொதிநிலை புதிதில் குறைந்தது 260, ஈரம் ஏறினாலும் 180. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டை எடுத்துவிட்டு, முன் பம்பரிலிருந்து இரண்டரை அங்குல மடக்குக் குழாய் வழியாகக் காற்றைக் கொண்டுவந்தேன். பழைய ஆயிலை வெளியேற்றிய அன்று தம்பி பெடலில் உட்கார்ந்தான். நான் கீழே படுத்துக்கொண்டு கேலிப்பரின் நிப்பிளில் செருகிய, உள்ளே இருப்பது தெரிகிற குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது கடுங்காப்பி நிறம். அதில் கடுகு மாதிரி குமிழிகள். "மிதி, புடி, விடாத" என்று நான் சொல்ல, அவன் மிதிக்க, தேன் நிறமாகி, கடைசியில் குமிழியே இல்லாத வெளுத்த மஞ்சள் வந்தபோது அவன் மேலிருந்து, "அண்ணா, இப்பக் கால் நிக்குது" என்றான்.

கேஜ் விஷயத்தில் பணத்தை இழந்தேன். ஒரு பட்டறையில் ரேஸ் கேஜ் போட்டுத் தருகிறோம் என்று சொல்லி, முன்பணம் வாங்கி, மூன்று வாரத்தில் பைப்புகளை வளைத்தும் வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் டிங்கர் அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெட்டிய பைப்பின் வாய்க்குள் சுண்டு விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "நீ விட்டுப் பாரு தம்பி" என்றார். உள்ளே ஓரிடத்தில் நூல் மாதிரி ஒரு மேடு நெடுகப் போனது. தகட்டைச் சுருட்டி ஓரத்தை வெல்டு பண்ணிய பைப் அது. கேட் செய்கிற பைப். அகில உலக மோட்டார் பந்தய விதிப்படி கேஜுக்குத் தையலே இல்லாத, குளிர்முறையில் இழுத்த எஃகுக் குழாய் வேண்டும். டிரைவருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுக்குக் குறைந்தது 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50-க்கு 2. வண்டி உருண்டால் தலைக்கு மேல் நிற்கப்போவது இதுதான். முன்பணத்தை விட்டுவிட்டு வந்தேன்.

ஓசூரில் சரியான குழாய் கிடைத்தது. வளைத்துக்கொண்டு வந்து, நுனிகளை எதிர்க் குழாயின் வளைவுக்குப் பொருந்துமாறு ராவி, இடைவெளி இல்லாமல் உட்கார வைக்கவே இரண்டு வாரம். வெல்டிங்கை நான் தொடவில்லை. அந்த அண்ணனே சி.ஓ.டூ. வெல்டிங்கில் சுற்றிலும் முழுசாகப் போட்டுக் கொடுத்தார். அதற்கு முன் பேட்டரியையும் இன்ஜின் கம்ப்யூட்டரையும் கழற்றி வைத்துவிட வேண்டும். கேஜின் கால் நிற்கிற இடத்தில், துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, அதன் மேல் 3 மி.மீ. பட்டைத் தகடு. வெறும் தரைத் தகட்டில் நிறுத்தினால் உருளும்போது கால் தரையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். தலை படக்கூடிய குழாய்களுக்கெல்லாம் கெட்டி நுரை சுற்றினேன். ஆறு இடத்தில் மாட்டும் சீட் பெல்ட்டின் தோள் பட்டை பின்னால் லேசாகத்தான் சரிய வேண்டும். செங்குத்தாகத் தரையில் கட்டினால் மோதலில் முதுகெலும்பை அமுக்கும். அதற்காகவே கேஜில் ஒரு குறுக்குக் குழாய். இத்தனையும் ஏறிய பிறகு எடை மேடையில் 825.

அலைன்மென்ட்டைக் கொட்டகையிலேயே பார்த்தேன். வண்டியின் இரு பக்கமும் இணையாக நைலான் கயிறு கட்டி, சக்கர விளிம்பின் முன்னும் பின்னும் கயிற்றுக்கு உள்ள தூரத்தை அளந்தால் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது, தெரிந்துவிடும். கேம்பருக்கு, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவுக்கு, கொத்தனாரின் தூக்குக் குண்டு. என் ரிம்மின் வெளிவட்டம் ஏறக்குறைய 36 செ.மீ.; மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 12 மி.மீ. உள்ளே சாய்ந்திருந்தால் ஏறக்குறைய 2 டிகிரி. வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் முழுசாகத் தரையில் படுவதற்கு இந்தச் சாய்வு வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும் என்பதால், முதலில் தண்ணீர்க் குழாய் மட்டம் பார்த்து, சக்கரங்களுக்கு அடியில் டைல்ஸ் துண்டுகள் வைத்தேன்.

பங்குனிக் கடைசியில் மறுபடி செட்டிபாளையம். தொப்பூர் இறக்கத்தில் ரெக்கவரி வண்டிக்காரர் மூன்றாவது கியரிலேயே ஊர்ந்து இறங்கினார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அன்று நான்கு தடவை உள்ளே போனேன், தடவைக்கு ஆறு சுற்று. கடைசிச் சுற்றை ஒவ்வொரு முறையும் பிரேக் மிதிக்காமல் மெதுவாக ஓட்டி ஆற வைத்தேன். பிரேக் சூடாக இருந்ததால், நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் இழுக்கவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.

நான்காவது தடவை முடிந்து வந்து, சுடச்சுட வண்டியை நிறுத்தி இறங்கியதும், அப்பா கேஜ் குழாயைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு உள்ளே ஏறினார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வலது காலை பிரேக் பெடலில் வைத்து ஒரு முறை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தி அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"கல்லு மாதிரி நிக்குதுடா" என்றார்.