அணை நீர்மட்டத்தை ஆர் மொழியில் வரைந்த கதை

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் பிசான நெல் சாகுபடிக்கு நாற்றங்கால் போடுவதற்கு முன்னால் பேப்பரில் தேடுவது அணை நீர்மட்டத்தைத்தான். அன்றைய எண் மட்டும் பெரியப்பாவுக்குப் போதாது. "போன வருஷம் இதே தேதியில எவ்வளவு கிடந்துச்சு?" என்பார். அதற்காகவே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்றின் தினசரி நீர்மட்டத்தையும் எக்செல்லில் ஏற்றி, ஆர் (R) என்ற நிரல்மொழியில் வரைபடமாக வரைந்தேன்.

முதலில் தேதி. 18-12-2023 என்பதை ஆர் வெறும் எழுத்தாகத்தான் படிக்கும். ஆஸ்.டேட் (as.Date) என்ற கட்டளையைப் போட்டு, நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைச் சொல்லிவிட்டால்தான் காலவரிசை சரியாக வரும். அப்புறம் ஜிஜிபிளாட்2 (ggplot2) என்ற வரைபடத் தொகுப்பில் சாதாரணக் கோட்டுப் படம். அதை பிளாட்லி (plotly) தொகுப்பில் உள்ள ஜிஜிபிளாட்லி (ggplotly) கட்டளையிடம் கொடுத்தால் போதும்: தொட்ட இடத்தில் எண் தெரியும், வேண்டிய மாதத்தைப் பெரிதாக்கலாம், ஓரத்தில் அணையின் பெயரைத் தட்டினால் அந்தக் கோடு மறையும்.

நேரம் பிடித்தது, தொட்டால் வரும் அந்தச் சின்னப் பெட்டிதான். பாபநாசத்தின் உச்சம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. உச்சம் தெரியாமல் வெறும் அடிக்கணக்கைக் காட்டுவதில் அர்த்தமில்லை. அதனால் தேதி, அடி, உச்ச அளவு மூன்றையும் தமிழில் கோத்து, வரைபடக் கட்டளையில் டெக்ஸ்ட் (text) என்ற இடத்தில் கொடுத்தேன். உடனே கோடுகள் காணாமல் போயின! அந்த வாசகம் நாளுக்கு நாள் மாறுவதால், ஒவ்வொரு நாளையும் ஆர் தனிக் குழுவாக எடுத்துக்கொள்கிறது. ஒற்றைப் புள்ளியை வைத்து எப்படிக் கோடு இழுக்கும்? அதே கட்டளையில் குரூப் (group) என்ற இடத்தில் அணையின் பெயரைக் கொடுத்ததும் மூன்று கோடுகளும் வந்துவிட்டன. தமிழ் எழுத்துக்காக விண்டோஸில் ஆர் 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வைத்துக்கொள்வது நல்லது.

சேவ்விட்ஜெட் (saveWidget) என்ற கட்டளை மூலம் எல்லாம் ஒரே எச்டிஎம்எல் கோப்பாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்; நெட் இல்லாமலே பெரியப்பாவின் போனில் திறக்கிறது. மற்ற இரண்டையும் மறைத்துவிட்டு மணிமுத்தாற்றை மட்டும் பார்த்தார். அது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய அணை என்பது அந்த ஒரு கோட்டிலேயே தெரிகிறது. கடனாநதி, ராமநதி அணைகளையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த எண்களை இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.