பன்னாட்டு நாள் முடிந்த பிறகு: வெளிநாட்டு மாணவர்களோடு பேச ஒரு மேசை

பல கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்கள் நினைவுக்கு வருவது வருடத்துக்கு ஒருமுறைதான். பன்னாட்டு நாள் என்று ஒரு பேனர், ஆளுக்கொரு கொடி, அவரவர் நாட்டு உடையில் ஒரு நடனம், முதல்வரோடு குரூப் போட்டோ. மறுநாள் மெஸ்ஸில் பார்த்தால் சூடான் மாணவர்கள் ஒரு மேசை, நேபாளத்தார் ஒரு மேசை, நம் பிள்ளைகள் மீதி எல்லா மேசையிலும். ஆடியவருக்கும் கைதட்டியவருக்கும் இடையில் பேச்சு வளராது. சின்னக் குழுவாக, அதே ஆட்கள், திரும்பத் திரும்ப உட்கார்ந்தால்தான் வளரும்.

முதலில் ஆட்களைக் கணக்கெடுங்கள். உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். அதில் 28 சதவீதம் நேபாளத்தார். அவர்களில் பலருக்கு இந்தி ஓடும் என்பதால் வடமாநில மாணவர்களோடு ஒட்டிக்கொள்வார்கள். ஆகவே தமிழ்நாட்டு வளாகத்தில் இருப்பது இரண்டு தரப்பு அல்ல, மூன்று: தமிழில் சேர்பவர்கள், இந்தியில் சேர்பவர்கள், இரண்டும் தெரியாமல் தனியே நிற்கும் ஆப்பிரிக்க, அரபு நாட்டு மாணவர்கள். இதைக் கவனிக்காமல் கலந்து உட்காரவைத்தால் ஐந்தே நிமிடத்தில் பேச்சு இந்திக்கோ தமிழுக்கோ நழுவிவிடும். மூன்றாம் தரப்பு போனை எடுத்துவிடும்.

மேசைக்கு ஆறு பேர் போதும். வெவ்வேறு நாட்டைச் சேர்ந்த இரண்டு வெளிநாட்டு மாணவர்கள், மூன்று தமிழ் மாணவர்கள், ஒரு வடமாநில மாணவர். வெளிநாட்டவர் ஒருவர் மட்டும் என்றால் அது பேட்டியாகிவிடும். தமிழ் மாணவர் மூவரில் ஒருவராவது தமிழ்வழியில் படித்தவராக இருக்க வேண்டும். இந்த விதியைத்தான் எல்லோரும் மீறுகிறார்கள். நன்றாக இங்கிலீஷ் பேசுபவர்களையே பொறுக்கி எடுக்கிறார்கள். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு வந்த காங்கோ மாணவரும், பத்தாவது வரை தமிழ்வழியில் படித்த தர்மபுரி மாணவரும் ஆங்கிலத்தில் ஒரே இடத்தில்தான் திணறுவார்கள். சேர்ந்து திணறுகிறவர்களுக்குக் கூச்சம் சீக்கிரம் விடுகிறது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: வெறுமனே பக்கத்தில் இருப்பது போதாது, சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, கூட்டு உழைப்பு, நிர்வாகத்தின் ஆதரவு நான்கும் வேண்டும்.

நேரத்தைச் சரியாக வைக்காததால் படுத்துப்போன முயற்சிகள் ஏராளம். மாலை ஐந்து மணிக்கு வைத்தால் டே ஸ்காலர் ஒருவரும் வர மாட்டார். காலேஜ் பஸ் போய்விடும். பஸ் கிளம்புவதற்கு முன்னால் முடிகிற மாதிரி ஐம்பது நிமிடம் ஒதுக்குங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். இறைச்சி, பால், முட்டை தொட மாட்டார்கள். செவ்வாயோ வியாழனோ சரியாக வரும். தின்பதற்குச் சுண்டலும் பால் சேர்க்காத தேநீரும் வையுங்கள். விரதக்காரர், ஹலால் பார்ப்பவர், சுத்த சைவம், யாருக்கும் சிக்கல் இல்லை. ரமலான் மாதத்தில் மட்டும் தட்டே வேண்டாம்.

ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு), வருகைப் பதிவு என்று எதையும் காட்டி ஆள் சேர்க்காதீர்கள். முதல் வாரம் கூட்டம் வழியும், மூன்றாம் வாரம் மேசை காலி. நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒரு அறையும், விடுதி மாணவிகள் தாமதமானால் வார்டன் ஏற்கும் ஒரு கடிதமும் மட்டுமே.

முதல் நாளுக்குப் பெயர்களே போதுமான சரக்கு. நம் இனிஷியல் என்பது அப்பா பெயர். குடும்பப்பெயர் நம்மில் பலருக்குக் கிடையாது. எத்தியோப்பியாவிலும் சோமாலியாவிலும் அப்படித்தான்: தன் பெயர், அடுத்து அப்பா பெயர், அதற்கடுத்து தாத்தா பெயர். பாஸ்போர்ட்டிலும் விண்ணப்பத்திலும் ‘சர்நேம்’ கட்டத்தில் என்ன எழுதுவது என்ற தலைவலி இரண்டு பக்கமும் ஒன்றே. இதைப் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் தானாக ஓடும். வடமாநில மாணவர்தான் முழிப்பார்!

கேள்விகளை நீங்களே எழுதி வைத்திருங்கள். ‘உங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் இருபது வயதுப் பிள்ளை தூதராக மாறி, பாடநூல் நடையில் நான்கு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்பது நல்லது. பஸ்ஸில் யாருக்கு இடம் கொடுப்பீர்கள்? மாவு எவ்வளவு நேரம் புளிக்கும்? (நமக்கு ஒரு இரவு. தோசை மாதிரியான எத்தியோப்பிய இஞ்ஜெராவுக்கு, தெஃப் என்ற தானியத்தின் மாவு இரண்டு மூன்று நாள்.) புத்தாண்டு எப்போது? சித்திரை முதல் நாளை ஒட்டியே நேபாளத்திலும் வங்கதேசத்திலும் புத்தாண்டு என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

இரண்டாம் வாரத்திலிருந்து பேச்சுக்கு ஒரு வேலை வேண்டும். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் பள்ளிகளில் ஜிக்சா வகுப்பைக் கொண்டுவந்தபோது செய்தது, பாடத்தைத் துண்டாக்கி ஒருவருக்கு ஒரு துண்டு கொடுத்தது. அடுத்தவர் பேசாமல் பாடம் முழுமை ஆகாது. இங்கே அதற்குப் பொருத்தமான வேலை, புதிதாக வருபவர்களுக்கான முதல் வாரக் கையேடு. 180 நாளைத் தாண்டும் விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், தங்க வந்த வெளிநாட்டவரின் விவரத்தை விடுதி 24 மணி நேரத்தில் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அனுபவப்பட்ட வெளிநாட்டு மாணவருக்குத் தெரியும், நம் மாணவர்களுக்குத் தெரியாது. எந்த பஸ் எங்கே நிற்கும், ஷேர் ஆட்டோவுக்கு எவ்வளவு, எந்தக் கடையில் ஏமாற்றமாட்டார்கள் என்பது நம்மவருக்கு மட்டுமே தெரியும். ஆறு வாரத்துக்கு ஆறு பக்கம் போதும்.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவைதான். முதலாவது, கெட்டவார்த்தை. வணக்கத்துக்கு முன்பே அதைக் கற்றுக்கொடுத்து, கேன்டீன் அண்ணனிடம் சொல்லவைத்து ரசிப்பார்கள். பாவம், சிரிப்பு நின்றபின் அந்த வெளிநாட்டு மாணவர் யாரையும் நம்புவதில்லை. இரண்டாவது, நிறம். நம் நண்பர் வட்டத்தில் நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் சகஜம். அது நமக்குள்ளேயே சரியில்லை, ஆப்பிரிக்க மாணவரிடம் சுத்தமாகக் கூடாது. தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பதும் அப்படியே. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு வதந்தியை நம்பி நைஜீரிய மாணவர்களைக் கூட்டம் அடித்ததை நம்மவர்கள் மறந்திருக்கலாம், அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேசையில் யாராவது இப்படியொரு குறையைச் சொன்னால் அங்கேயே விவாதம் நடத்தாதீர்கள். சொன்னவருடைய சம்மதத்தோடு, முன்பே பேசி வைத்த ஒரே ஒரு ஆசிரியரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

கையேட்டின் கடைசிப் பக்கத்துக்குத் தமிழ்ச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை வெளிநாட்டு மாணவர்களுடையது. நம்மவரிடம் விட்டால் திருக்குறளில் ஆரம்பிப்பார்கள். தேவைப்பட்டவர்கள் எழுதினால் பட்டியல் வேறு மாதிரி வரும்: எவ்வளவு, சில்லறை இல்லை, இங்கே இறங்கணும், காரம் வேண்டாம், போதும்.