ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து லென்ஸை அளந்தேன்

கல்லூரி ஆய்வகத்துப் பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளி திரும்பும் கோணத்தைச் சுழலும் தொலைநோக்கியால் அளக்கும் கருவி) ஒன்று கைக்கு வந்ததிலிருந்து முப்பட்டகத்தோடுதான் மல்லுக்கட்டு. அது ஒருவழியாக முடிந்தது. முப்பட்டகத்தின் கோணம் 59°58′. சோடியம் விளக்கு கிடையாது. உப்புக் கரைசலில் நனைத்த கம்பியை ஸ்பிரிட் விளக்குச் சுடரில் காட்டியே மஞ்சள் கோட்டைப் பிடித்தேன். சிறும திசைமாற்றக் கோணம், அதாவது முப்பட்டகம் ஒளியைத் திருப்பும் மிகக் குறைந்த கோணம், 48°20′. அதிலிருந்து ஒளிவிலகல் எண் 1.622. ஒளியை அதிகம் வளைக்கும் ஃபிளின்ட் வகைக் கண்ணாடிதான்.

அடுத்தது லென்ஸ். ஸ்கேலை வைத்துக் குவியத்தூரம் (லென்ஸிலிருந்து இணைகதிர்கள் குவியும் இடம் வரையுள்ள தூரம்) பார்ப்பதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு: எங்கிருந்து அளப்பது? பூதக்கண்ணாடி என்றால் நடுவிலிருந்து. கேமரா லென்ஸுக்குள் பல கண்ணாடிகள். எது நடு என்று வெளியிலிருந்து யார் சொல்வது? கோணத்தை அளந்தால் அந்தக் கேள்வியே எழாது. லென்ஸின் குவியத்தளத்தில் ஒளிபுகும் மில்லிமீட்டர் ஸ்கேலை வைத்தால், ஒவ்வொரு கோட்டிலிருந்தும் வரும் ஒளி லென்ஸைத் தாண்டி இணைகதிராக வெளியேறும். கோட்டுக்குக் கோடு திசைதான் மாறும். அச்சுக்கு இருபுறமும் 5 மி.மீ. தள்ளியுள்ள கோடுகளைத் தொலைநோக்கியால் பிடித்து, திரும்பிய கோணத்தில் பாதிக்கு டேன்ஜென்ட் எடுத்து, 5-ஐ அதால் வகுத்தால் போதும்.

எடுத்தது 50 மி.மீ. என்று பொறித்த பழைய எம்42 (திருகி மாட்டும் வகை) கேமரா லென்ஸ். முதலில் தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தைப் பார்த்துத் தொலைநோக்கியைச் சரிசெய்தேன். அதற்கப்புறம் அந்தத் திருகைத் தொடவே கூடாது. முப்பட்டக மேடையைக் கழற்றிவிட்டு, லென்ஸின் முன்பக்கம் தொலைநோக்கியைப் பார்க்கும்படி நடு அச்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பின்னால் ஸ்கேல், அதற்கும் பின்னால் டிஷ்யூ காகிதம் ஒட்டிய எல்இடி. நேரம் தின்றது ஸ்கேலை உட்கார வைப்பதுதான். தலையை இப்படி அப்படி அசைத்தாலும் கோடு தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கம்பியை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் ஸ்கேல் குவியத்தளத்தில் இல்லை.

கோணத்தை நுணுக்கமாகக் காட்டும் இரண்டு வெர்னியர் அளவுகோல்களையும் படித்துச் சராசரி எடுத்தேன்: திரும்பிய கோணம் 11°6′. குவியத்தூரம் 51.5 மி.மீ.! இந்தக் கருவியின் மீச்சிற்றளவு, அதாவது அதால் அளக்க முடிந்த மிகச் சிறிய கோணம், 1 நிமிடம் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு). அவ்வளவு பிசகினாலும் விடை 0.1 மி.மீ. கூட மாறாது. ஆக லென்ஸில் பொறித்த எண் தோராயம்தான். லைக்காவின் பழைய 50 மி.மீ. லென்ஸ்களே உண்மையில் 51.6 மி.மீ. என்பார்கள், அதனால் இதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து, பூதக்கண்ணாடி ஒன்றைச் சிவப்பு, நீல எல்இடிகளில் தனித்தனியாக அளக்கப் போகிறேன். அதற்கு முன் ஸ்கேலை முன்பின் நகர்த்த ஒரு திருகு மேடை வேண்டும். இதுவரை ஸ்கேலைத் தாங்கிய புத்தக அடுக்கு இனி சரிப்படாது.