ரொபேரின் வம்சப் படம்: மூன்றாவது தாள்

வட பிரான்சில் இருந்த ஆர்த்துவா என்ற பிரபுப் பகுதியின் குடும்பத்தில் பிறந்த மூன்றாம் ரொபேரின் வம்சத்தை ஒரே சார்ட் தாளில் வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

முதல் தாள் கெட்டது என் அவசரத்தால். தாத்தா இரண்டாம் ரொபேர், மகன் பிலிப், பேரன் மூன்றாம் ரொபேர் என்று ஸ்கேல் வைத்து நேர்கோடு இழுத்தேன், அதுவும் மையில். அப்புறம்தான் வருடங்களை எழுதினேன். மகன் 1298-லேயே போர்க் காயத்தால் இறந்துவிட்டார். தாத்தா கூர்த்ரே போரில் விழுந்தது 1302-ல். பேரனுக்கு அப்போது வயது 15. ஆனால் ஆர்த்துவா வழக்கப்படி, செத்த மகனின் இடத்தில் பேரன் வந்து நிற்க முடியாது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்குத்தான் சொத்து. எல்லாம் அத்தை மாஓவுக்குப் போயிற்று. என் கோடும் பக்கவாட்டில் திரும்ப வேண்டியதாயிற்று.

ரொபேர் வழக்காடி 1309-லும் 1318-லும் தோற்றார். இரண்டாவது முறை பிரெஞ்சு அரியணையில் இருந்த ஐந்தாம் பிலிப், மாஓவின் சொந்த மாப்பிள்ளை. வழக்கமோ என்னவோ, எனக்கு ரொபேர் மேல் கொஞ்சம் பரிதாபம்தான். பிறகு அவர் போலிப் பத்திரங்களோடு வந்தபோது அதுவும் போயிற்று.

இரண்டாவது தாளைக் கெடுத்தது பெயர். மாஓவின் மகள் ழான். ரொபேரின் மனைவி ழான். பத்திரங்களைத் தயாரித்த பெண்ணும் ழான். 1331-ல் அவளை எரித்துவிட்டார்கள். நான் மகளின் கட்டத்தில் மனைவியின் வருடங்களை எழுதிவைத்திருந்தேன். இப்போது ஆளுக்கொரு நிறம்.

மூலையில் ஆர்த்துவா கேடயமும் வரைந்தேன். நீலத்தில் பொன் லில்லிப் பூக்கள், மேலே மூன்று தொங்கல் உள்ள சிவப்புப் பட்டை, தொங்கலுக்கு மூன்று கோட்டைகள். போஸ்டர் கலரில் சிவப்பு காயும் முன்பே மஞ்சளை வைத்ததால், ஒன்பது கோட்டையும் ஆரஞ்சுப் பொட்டாகிவிட்டன. அடுத்த முறை சிவப்பை ஒரு ராத்திரி காயவிடுவேன்.

போரில் இறந்தவர்களுக்கு ஒரு சின்ன வாள் போடுவது என்று வைத்திருக்கிறேன். தாத்தாவின் அப்பா முதலாம் ரொபேர் எகிப்தின் மன்சூராவில், 1250. பிறகு பிலிப், தாத்தா. கடைசியில் நம் ஆள். 1332-ல் அவரை நாடு கடத்தியவர் மனைவியின் அண்ணனான மன்னர் ஆறாம் பிலிப். ரொபேர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டிடம் அடைக்கலம் போனார். 1337-ல் தென்மேற்குப் பிரான்சில் எட்வர்டின் கையில் இருந்த கியேன் பகுதியைப் பிரெஞ்சு மன்னர் பறிமுதல் செய்யச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. நூறாண்டுப் போர் அதோடு தொடங்கியது. வடமேற்குப் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில், வான் நகரில் பட்ட காயத்தால் ரொபேர் 1342-ல் இறந்தார். நான்கு தலைமுறைக்கு நான்கு வாள்.

மாஓ பக்கம்தான் பாக்கி. அவர் 1329 நவம்பரில் இறக்க, மகள் ழானும் அடுத்த ஜனவரியில் போய்விட்டார். ஆர்த்துவா பேத்தியிடம் வந்தது. பேத்தி பெயரும் ழான். தாளில் இடம் முடிந்துவிட்டது, நிறமும் முடிந்துவிட்டது.