கட்-ஆஃப் இல்லாத ஊரில் ஒரு நுழைவுத் தேர்வு

"அண்ணா, 1500 எடுத்தா எந்த காலேஜ் கிடைக்கும்?"

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸைச் சுற்றியுள்ள பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் வந்து சேரும் நம் குடும்பங்கள், பிள்ளை பத்தாம் வகுப்பைத் தொட்டதும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அந்த 1500, கல்லூரிச் சேர்க்கைக்காக இங்கே எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் மதிப்பெண். என் மகளை அதற்குத் தயார்செய்யப் போய்த்தான் நானும் இந்த ஊரின் முறையைக் கற்றேன். அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். இப்போது சனிக்கிழமைகளில் தெரிந்தவர்களின் பிள்ளைகளோடு நூலகத்தில் உட்கார்கிறேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நான் ப்ளஸ் டூ முடித்த காலத்தில் பாட மதிப்பெண்ணை 200-க்குச் சுருக்கி, அதோடு நுழைவுத் தேர்வின் 100-ஐயும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். அந்த ஒரே எண்ணை வைத்து, கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு மாமாவே சொல்லிவிடுவார். 2007-இல் தமிழ்நாட்டில் அந்த நுழைவுத் தேர்வு போய்விட்டது. கட்-ஆஃப் கணக்கு மட்டும் நம் மனதை விட்டுப் போகவில்லை.

இங்கே 1600-க்கு 1600 வாங்கினாலும் அந்த எண் மட்டும் ஒரு சீட்டையும் வாங்கித் தராது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண், எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்தார்கள், கட்டுரை, ஆசிரியர் தரும் பரிந்துரை, பள்ளிக்கு வெளியே என்ன செய்தார்கள், இவற்றோடு இதுவும் ஒன்று. டெக்சாஸில் இன்னொரு கணக்கும் உண்டு. 1997-இல் வந்த சட்டப்படி, பள்ளி வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் அதை 6 சதவீதமாக வைத்திருந்தது. 2026-இல் சேர்பவர்களுக்கு 5 ஆக்கிவிட்டது. ஆனால் தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்துக்குள் இடம்தான். கம்ப்யூட்டர் சயின்ஸோ இன்ஜினியரிங்கோ கிடைக்குமா என்பது தனி முடிவு. "பையன் டாப் ஃபைவ்ல இருக்கான், கவலை இல்லை" என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது: "இப்பதான் எஸ்.ஏ.டி. தேவையில்லைன்னு சொல்லிட்டாங்களே." இது 2020-இல், கொரோனா காலத்தில் வந்த நிலை. அப்போது கல்லூரிக்குப் போன அக்கா பிள்ளைகள் சொல்லி, அந்தப் பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணை இன்றும் பார்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் மாசசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி. 2022-லேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. 2024-இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், நம் ஆஸ்டின் எல்லாம் வரிசையாகத் திரும்பக் கேட்கப்போவதாக அறிவித்தன. அதனால் பிள்ளை விண்ணப்பிக்கப் போகும் ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் அந்த ஆண்டு விதியை நீங்களே படித்துப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்ப வேண்டாம்.

சரி, தேர்வுக்கு வருவோம். 2024 மார்ச்சிலிருந்து அமெரிக்காவிலும் இது முழுக்கக் கணினியில்தான். புளூபுக் என்ற செயலியில் எழுத வேண்டும். 2 மணி 14 நிமிடத்தில் மொத்தம் 98 கேள்விகள்: வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 54, கணிதம் 44. ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக வரும். முதல் பாதியை எப்படி எழுதினோம் என்பதை வைத்து, இரண்டாம் பாதி கடினமானதா எளிதானதா என்று முடிவாகும். எளிதான பாதிக்குள் போய்விட்டால் உச்ச மதிப்பெண் கைக்கு எட்டாது. அதனால் முதல் பாதியில் அவசரமே கூடாது. அப்புறம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது 2016-லேயே நின்றுவிட்டது. ஜே.இ.இ. பழக்கத்தில் "தெரியலைன்னா விட்டுடு" என்று வீட்டில் சொல்லாதீர்கள். ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக் கூடாது.

கணிதத்தில் நம் பிள்ளைகளுக்குப் பெரிய பயம் இருப்பதில்லை. பயம் அப்பாக்களுக்குத்தான். டெஸ்மோஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் தேர்வுத் திரையிலேயே இருக்கிறது, எல்லாக் கணக்குக்கும் பயன்படுத்தலாம் என்று சொன்னால் அவர்களுக்கு மனம் ஒப்புவதில்லை. ஒரு பரவளையமும் ஒரு நேர்க்கோடும் ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன, கோட்டின் மாறிலி என்ன என்று ஒரு கணக்கு வந்தது. பக்கத்தில் இருந்த அப்பா இரண்டையும் சமன்படுத்தி, வர்க்கமூலத்துக்குள் இருப்பதைப் பூச்சியமாக்கித் தாளில் இறங்கினார். மகன் இரண்டு சமன்பாட்டையும் தட்டச்சு செய்து, மாறிலிக்கு ஒரு ஸ்லைடர் வைத்து இழுத்தான். கோடு மெல்ல இறங்கி வளைவைத் தொட்ட இடத்தில் நிறுத்தினான். இரண்டு பேருக்கும் விடை -2. எனக்கு இரண்டும் வேண்டும். ஏன் அப்படித் தொடுகிறது என்பது அப்பாவின் தாளில் இருக்கிறது. அது தெரிந்த பிள்ளைக்குத்தான் எப்போது திரையில் இழுக்கலாம், எப்போது கையால் போடுவது வேகம் என்று புரியும்.

நம் வீடுகளில் மதிப்பெண் நழுவுவது பெரும்பாலும் வாசிப்பில்தான். இங்கேயே பிறந்து நாள் முழுக்க ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் இதில் தடுமாறுகிறார்கள். முன்புபோல் நீண்ட பத்திகள் இப்போது இல்லை. 150 சொல்லைத் தாண்டாத சிறு பத்தி, அதற்கு ஒரே ஒரு கேள்வி. ஆனால் ஒரு சொல்லை மேலோட்டமாகப் பார்த்தால்கூட விடை கை நழுவிவிடும். பயிற்சிக்காக நான் எழுதிய கேள்வி ஒன்று: ஒரு பூ தன் நிறத்தால் அல்ல, வாசனையால்தான் தேனீக்களை இழுக்கிறது என்கிறார் ஓர் ஆய்வாளர்; அவர் கருத்துக்கு வலு சேர்க்கும் முடிவு எது? ஒரு பெண் யோசிக்காமல் "தேனீக்களால் நிறங்களைப் பிரித்தறிய முடியும்" என்பதைத் தேர்ந்தெடுத்தாள். "இது உண்மைதானே, அங்கிள்?" என்று என்னைப் பார்த்தாள். உண்மைதான் அம்மா, ஆனால் கேட்டதற்கு இது பதிலா? நிறத்தை மறைத்து வாசனையை மட்டும் வெளியே விடும் துணியால் பூவை மூடிய பின்னும் தேனீக்கள் வந்தன என்று இன்னொரு விடை இருந்தது. அதையும் அவள் படித்திருந்தாள். நீளமாக இருக்கிறதே என்று தாண்டிப் போயிருக்கிறாள்.

இதற்கு மருந்து இன்னும் நூறு கேள்வி போடுவது அல்ல. தவறான ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வரி எழுதச் சொல்கிறேன்: நான் எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன் அது சரி என்று நினைத்தேன், சரியான விடையில் எந்தச் சொல் அதைச் சரியாக்குகிறது. பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை. ஒரு தேர்வு எழுதிய நேரத்தைவிட அதைப் பிரித்துப் பார்க்க அதிக நேரம் ஆகிறது. ஆனாலும் சில வாரங்களில் அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது, தாங்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறோம் என்று. புளூபுக்கில் உள்ள முழு மாதிரித் தேர்வுகள் கொஞ்சம்தான். அவற்றை ஒரே மாதத்தில் தீர்த்துவிடாதீர்கள்.

ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி கோச்சிங் சேர்க்க வேண்டுமா என்றால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டோடு சேர்ந்து கான் அகாடமி என்ற இணையதளம் 2015 முதல் இலவசமாகப் பயிற்சி தருகிறது. தனியாக உட்காரவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கு வகுப்பு உதவலாம். அப்படிச் சேர்த்தாலும், காலேஜ் போர்டின் உண்மைக் கேள்விகளைத்தான் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எஸ்.ஏ.டி. ஒத்துவரவில்லை என்றால் 36-க்கு மதிப்பெண் தரும் ஏ.சி.டி. என்ற இன்னொரு தேர்வு இருக்கிறது. கல்லூரிகள் இரண்டையும் சமமாகவே ஏற்கின்றன.

கால அட்டவணையில்தான் புதிதாக வந்தவர்கள் அதிகம் இழக்கிறார்கள். எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமாக அக்டோபரில் பள்ளியில் நடக்கும் பி.எஸ்.ஏ.டி. தேர்வில், 11-ஆம் வகுப்பில் எழுதுவது மட்டும்தான் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குக் கணக்கு. அதற்குத் தயாரான சூட்டிலேயே எஸ்.ஏ.டி.யை எழுதி, 12-ஆம் வகுப்பு தொடங்குமுன் முடித்துவிடுவது நல்லது. அதன் பிறகு கட்டுரைகள் வரிசையில் நிற்கும். பல கல்லூரிகளில் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கடைசி நாள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மதிப்பெண் வந்த அன்று அதைக் குழுவில் போட்டு "உங்க பொண்ணு எவ்ளோ?" என்று கேட்பதை நிறுத்துங்கள். 1390 வாங்கிய ஒரு பெண், அம்மாவின் போனில் அடுத்தடுத்து வந்த 1540-களைப் பார்த்துவிட்டு, அடுத்த இரண்டு வாரம் நூலகத்துக்கே வரவில்லை. அவளிடம் ஒரு குறையும் இல்லை. மறுபடி எழுதலாம். பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் வாங்கிய சிறந்த பகுதி மதிப்பெண்களைச் சேர்த்துத்தான் பார்க்கின்றன.

பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள். நம்மூரில் தலைமை ஆசிரியர் அறைக்குப் போவதென்றால் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். இங்கே அவர் வேலையே நம் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, 11, 12-ஆம் வகுப்பில் இரண்டு முறை எஸ்.ஏ.டி. கட்டணம் இல்லாமல் எழுதச் சலுகை உண்டு. அதைப் பெற்றவர்களுக்குப் பல கல்லூரிகள் விண்ணப்பக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கின்றன. கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். சில பள்ளிகளில் வேலை நாளிலேயே எஸ்.ஏ.டி. நடத்துகிறார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது உண்டா, எந்தத் தேதி, கட்டணத்தைப் பள்ளியே ஏற்கிறதா என்பதை 11-ஆம் வகுப்பு தொடங்கியதுமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.